பிறர் சொன்ன சங்கதிகள்

ராயபுரத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு பழைய மாடி பங்களா இருந்தது. இப்போது அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. யுத்தம் முடிந்த கையோடு அதில் ஒரு சின்ன மனநோய் ஆஸ்பத்திரி வந்தது. முப்பது கட்டில், ஒரே ஒரு டாக்டர். அக்கம்பக்கத்தில் யாரும் அதை ஆஸ்பத்திரி என்று சொன்னதில்லை. பைத்தியக்கார பங்களா என்றுதான் சொல்வார்கள். ரிக்‌ஷாக்காரனிடம் ஆஸ்பத்திரி என்று சொன்னால் வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடுவான். அங்கே நான் ஏழு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன்.

குமாஸ்தா என்பது பேருக்குத்தான். டாக்டர் கல்கத்தாக்காரர். தமிழில் அவருக்கு மூன்று வார்த்தை தெரியும்: உட்காரு, தண்ணி, பயப்படாதே. மூன்றையும் ஒரே குரலில் சொல்வார். மிச்சத் தமிழுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. நோயாளியை அழைத்து வரும் வீட்டார் எதிரில் உட்காருவார்கள். டாக்டர் இங்கிலீஷில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். அவர்கள் வடசென்னைத் தமிழில் குடம் குடமாகக் கொட்டுவார்கள், நான் இங்கிலீஷில் ஆழாக்கால் அளந்து ஊற்றுவேன்.

சேர்க்கைத் தாள் என்று ஒன்று உண்டு. மேல் பாதியில் டாக்டர் தாமே கண்டவை. கீழ்ப் பாதிக்குத் தலைப்பு, பிறர் சொன்ன சங்கதிகள். அந்தக் கீழ்ப் பாதி என் ராஜ்யம். அதில் நான் எழுதும் ஒரு சொல்லை வைத்துத்தான் ஒருவர் மாடிக்குப் போவதா, மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதா என்பது முடிவாகும். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. இதை நினைத்து நான் பயந்திருக்க வேண்டும். நானோ பெருமைப்பட்டேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். இடது பக்கம் ஜனங்கள் சொல்வது, வலது பக்கம் அதற்கு இங்கிலீஷ். மூளை கலங்கிடுச்சி, புத்தி பேதலிச்சிப் போச்சி, காத்து அடிச்சிடுச்சி, பேய் புட்ச்சிகினு கீது, ஒரே பேஜாரு பண்றான், கயண்டுகிச்சி சார். ஒவ்வொன்றுக்கும் டாக்டரின் தடிப் புத்தகத்தில் ஜோடி தேடுவேன். வெறித்தனமாக ஆடினால் மேனியா. காய்ச்சலில் பிதற்றினால் டெலிரியம். கூப்பிட்டால் திரும்பாமல் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தால் ஸ்டூபர். சில சொற்களுக்கு ஜோடி லேசில் கிடைக்காது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவரின் மனைவி, அவருக்கு என்ன என்று கேட்டதற்கு, "கீறாரு சார், ஆனா இல்ல" என்றாள். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஆப்சென்ட் மைண்டெட் என்று எழுதினேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அது புரொபசர்களுக்கு வருகிற வியாதி, பாவம் இந்த மனுஷனுக்கு அதற்கெல்லாம் வசதி ஏது என்றார்.

அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். அவர்கள் சொன்னதை எழுது, நீ நினைப்பதை எழுதாதே. நான் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுச் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தான். என்னைவிட நூறு மடங்கு நல்ல இங்கிலீஷ் எழுதுவான். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்ட பிறகு அவனிடமிருந்து கடிதம் நின்றுவிட்டது. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உண்டு. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்தோம். யாரும் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்தது, சுதந்திரமும் வந்தது. என் அம்மா மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் அவனுடைய சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டு, சாயங்காலம் மடித்து வைப்பாள். தபால்காரன் வரும் நேரத்தில் வாசலில் அவளுக்கு ஏதாவது வேலை இருக்கும். வீட்டில் ஒருவரும் அதை வியாதி என்று சொன்னதில்லை. தடிப் புத்தகத்தில் அதற்கு ஜோடி தேட எனக்கும் தோன்றியதில்லை.

சுதந்திரம் வந்ததற்கு மறு வருஷம், ஆனி மாதம் என்று ஞாபகம், காத்திவாக்கத்திலிருந்து ஒரு மீனவப் பெண்ணை அழைத்து வந்தார்கள். அழைத்து வந்தவர் அவளுடைய கொழுந்தன். அவளுக்கு முப்பது வயதிருக்கும். முகத்தில் மஞ்சள், நெற்றியில் குங்குமம், தலையில் பூ, கழுத்தில் தாலி. ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியதும் பங்களாவைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கடலைத்தான் பார்த்தாள்.

கொழுந்தன் விஷயத்தைச் சொன்னார். போன ஐப்பசியில் அவர் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் போனார்கள். காற்று திரும்பிவிட்டது. நாலாம் நாள் பழவேற்காட்டுப் பக்கம் இரண்டு உடல்கள் ஒதுங்கின. அண்ணனுடைய உடல் ஒதுங்கவில்லை. அன்று முதல் அண்ணி தினமும் உச்சி வேளையில் கட்டுமரங்கள் கரை திரும்பும்போது இடுப்பளவு தண்ணீரில் போய் நிற்கிறாள். ஒவ்வொரு மரத்தையும் மறித்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கிறாள். கடைசி மரம் வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. எட்டு மாதமாக இதே கதை. இரண்டு தடவை அலை புரட்டிப் போட்டு, தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வீட்டில் நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அடுத்த தடவை அலை திருப்பித் தராவிட்டால் அதற்கு யார் கதி?

டாக்டர் அவளைப் பார்த்து, உன் புருஷன் எங்கே என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"பின்னால வந்துகினு கீறாரு" என்றாள். அழவில்லை. கடைக்குப் போனவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்றார் டாக்டர். மரத்தில் வருகிறவர்கள் சொல்கிறார்கள் என்றாள். தினமுமா? தினமும்தான். எல்லாருமா? எல்லாரும்தான். இதையெல்லாம் நான் ஒரு எழுத்து விடாமல் இங்கிலீஷில் சொன்னேன்.

டாக்டர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். இவரும் மரத்தில் போகிறவர்தானே, அப்படி யாராவது இவளிடம் சொல்கிறார்களா என்று கேள் என்றார். கேட்டேன். அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சத்தம் போட்டுக் கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும் என்று நம்புகிற வயசு எனக்கு. இன்னும் உரக்கக் கேட்டேன். அவர் துண்டின் முனையை முறுக்கிக்கொண்டே நின்றார். வாயைத் திறக்கவில்லை.

நான் டாக்டரைப் பார்த்து, இல்லை சார், யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன்.

ஒரு மனுஷனின் மௌனத்தை நான் மொழிபெயர்த்தேன். அதைச் செய்கிறேன் என்றுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. சேர்க்கைத் தாளின் கீழ்ப் பாதியில், புருஷன் வந்துகொண்டிருக்கிறான் என்று படகுக்காரர்கள் தினமும் தன்னிடம் சொல்வதாகக் கூறுகிறாள், உறவினர் அதை மறுக்கிறார் என்று எழுதினேன். டாக்டர் அந்த வரியின் கீழே கோடு போட்டார். இல்லாத குரலைக் கேட்பதற்கு ஹாலுசினேஷன், இல்லாததை உண்டென்று நம்புவதற்கு டெல்யூஷன். இரண்டு சொற்களையும் நானே என் அழகான கையெழுத்தில் எழுதி ஒற்றுத்தாளால் ஒற்றினேன். அவளை மாடிக்கு அழைத்துப் போனார்கள்.

மாடியில் அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. சொன்ன வேலையைச் செய்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். உச்சி வேளையானால் மட்டும் கடல் பக்கத்து ஜன்னலில் போய் நிற்பாள். அங்கிருந்து துறைமுகத்துக்கு வெளியே இடம் கிடைக்காமல் காத்து நிற்கும் சரக்குக் கப்பல்கள்தான் தெரியும். ஒரு நாள் மருந்துச் சீட்டோடு மேலே போனவன், கப்பலையும் கேட்பதுதானே என்று ஏதோ தமாஷ் பேசுகிற மாதிரி கேட்டேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"கப்பல்ல கேக்க முடியாது தம்பி, ரொம்ப ஒசரமா கீது" என்றாள்.

கொழுந்தன் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வருவார். கீழே நின்று அண்ணியைப் பார்த்துவிட்டு, பேசாமல் போய்விடுவார். இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை நடுவாரத்தில் வந்து நின்றார். அண்ணியை எப்போது விடுவீர்கள் என்று கேட்டார். குழந்தை சாப்பிடுவதில்லையாம். நாட்டு வைத்தியர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றாராம்.

"ஏக்கம் புட்ச்சிகிச்சி சார். ஆத்தாவப் பாக்காம கொயந்த ஏங்கிப் போச்சி" என்றார்.

டாக்டரிடம் சொல்லப் போனவன் ஏக்கம் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். நோட்டுப் புத்தகத்தில் அது இல்லை. தடிப் புத்தகத்திலும் இல்லை. அகராதியில் இருந்த ஒன்றிரண்டைச் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் அது நோய் இல்லையே, எல்லாருக்கும் இருப்பதுதானே என்றார். எங்கள் ஜனங்கள் அதில் செத்தும் போவார்கள் சார் என்றேன். அவர் ஒரு டானிக் பாட்டிலை எடுத்துக் கொடுத்து, நீயே போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வா என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் ரயிலில் போய் இறங்கினேன். கொழுந்தன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். குடிசையில் குழந்தை பாயில் படுத்திருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். என் காலடிச் சத்தம் கேட்டு வாசலைப் பார்த்தது. நான் அம்மா இல்லை என்று தெரிந்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டது. டானிக்கை ஊற்றிக் கொடுத்தேன். உதட்டைத் திறக்கவில்லை. எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வெளியே வந்து கரைக்குப் போய் நின்றேன்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கடல் காற்று கிளம்பி, காலையில் போன மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பெண்கள் கூடையோடு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி சின்னப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம்கூட இருக்காது. அவள் புருஷன் போன மரம் அன்றைக்குத் தாமதமாகிவிட்டது போலிருக்கிறது. முதலில் வந்த மரம் மணலைத் தொடுவதற்குள் தண்ணீரில் இறங்கிப் போய், எங்க வூட்டுக்காரரு எங்க என்று கேட்டாள். மரத்தில் இருந்தவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், பின்னால வந்துகினு கீறாரு என்றார். அடுத்த மரம் வந்தது. அவள் கேட்டாள். அதே பதில். மூன்றாவது மரத்திலும் அதே பதில்.

பக்கத்தில் நின்ற கொழுந்தனிடம், இவர்களெல்லாம் அவள் புருஷனைக் கடலில் பார்த்தார்களா என்று கேட்டேன்.

"பாக்கல சார். அப்பிடித்தான் சொல்லணும்."

அவர் சொன்னது இதுதான். கரையில் நின்று கேட்கிற பெண்ணிடம், அவன் வரவில்லை என்றோ, பார்க்கவில்லை என்றோ யாரும் சொல்லக் கூடாது. சொன்னவன் கையாலேயே அவனைக் கடலில் தள்ளிவிட்ட மாதிரி. உடல் ஒதுங்கிவிட்டால் அது வேறு கதை. ஒதுங்கவில்லை என்றால், அவன் வரமாட்டான் என்று சொல்லும் பாத்தியதை பெண்டாட்டி ஒருத்திக்குத்தான். அவளாக வாய் திறந்து சொல்கிற நாளில் பூவையும் தாலியையும் எடுப்பார்கள். அதுவரைக்கும் அவன் கடலில்தான் இருக்கிறான், பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறான். சிலர் ஒரு மாதத்தில் சொல்லிவிடுவார்கள், சிலருக்கு ஒரு வருஷமாகும். யாரும் அவசரப்படுத்துவதில்லை. அண்ணி தண்ணீரில் அவ்வளவு தூரம் இறங்கியதுதான் அவரைப் பயமுறுத்திவிட்டது.

அன்றைக்கு டாக்டர் எதிரில் ஏனய்யா இதைச் சொல்லவில்லை என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

"அண்ணி நின்னுகினு இருந்தாங்களே சார். அவங்க எதிர்ல, நாங்க சும்மானாச்சிக்கும் சொல்றோம்னு எப்பிடி சார் சொல்றது?"

அரைமணி கழித்து அந்தச் சின்னப் பெண்ணின் புருஷன் வந்து சேர்ந்தான். இவ்வளவு நேரம் எங்கே போய்த் தொலைந்தாய் என்று அவள் அவனைத் திட்டித் தீர்த்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாக மாடியில் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. இல்லாத குரல் எதையும் அவள் கேட்கவில்லை. என் வீட்டிலேயே ஒருத்தி வெள்ளிக்கிழமைதோறும் சட்டைகளை வெயிலில் போடுகிறாள். இருந்தும் எனக்கு விளங்கவில்லை. பெரிய இங்கிலீஷ்காரன். என்னைச் செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேர்க்கைத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் சார், தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குரல் விஷயம் தீர்ந்தது என்று ஹாலுசினேஷனை அடித்தார். டெல்யூஷனுக்கு வந்ததும் பேனா நின்றது. வழக்கம் எது, வியாதி எது என்று நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்றார். மற்ற பெண்கள் கரையில் நின்று கேட்கிறார்கள், இவள் இடுப்பளவு தண்ணீருக்குப் போகிறாள். இவளை அனுப்பி, அடுத்த வாரம் கடல் கொண்டுபோனால் கையெழுத்துப் போட்டவன் நான். அவன் வரமாட்டான் என்று அவளுக்கே மனசுக்குள் தெரியும் என்றால் எனக்குப் போதும். ஒரே ஒரு தடவை சொல்லட்டும், அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு தடவைக்குக் காத்திவாக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் கல்கத்தா ஆசாமிக்கு அதை எவ்வளவோ விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். பேனாவை மட்டும் எடுக்கவில்லை.

மாடிக்குப் போய் அவளிடம் சொன்னேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். பிறகு குழந்தை படுத்திருக்கும் நிலையைச் சொன்னேன். கடைசியில் டாக்டர் கேட்பதைச் சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொன்னபோது அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கேட்பதைச் சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் சொல்லிட்டேன்னா, அப்பறம் அவரு எங்க போவாரு தம்பி?" என்றாள்.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்ட குழந்தையின் அந்த முதுகு கண்ணிலேயே நின்றது. சொல்லித் தொலையேன் அம்மா, குழந்தையைப் பார் என்று ஒரு நிமிஷம் தோன்றும். சொல்லாதே, ஒருத்தனுக்காகவாவது யாராவது காத்திருக்கட்டும் என்று அடுத்த நிமிஷம் தோன்றும். என் அண்ணனை நினைத்து அந்த இரண்டு நாளில் ஏங்கிய மாதிரி, கடிதம் நின்ற அந்த முதல் வருஷத்தில்கூட நான் ஏங்கியதில்லை.

மூன்றாம் நாள் அவளே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு இறங்கி வந்தாள். குளித்து, முகத்தில் மஞ்சள் பூசியிருந்தாள். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம், நான் நடுவில். உன் புருஷன் திரும்பி வருவானா என்று டாக்டர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"என் வாயால நான் சொல்லமாட்டேன் தம்பி. நீ இங்கிலீஷ்ல சொல்லிக்கோ. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது."

டாக்டர் காத்திருந்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவள் புருஷனுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் அண்ணனுக்குத் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த வாக்கியத்தை உலகத்தில் எந்த மூலையில் சொன்னாலும் அவன் காதில் விழுந்துவிடும் போலிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேண்டியது குழந்தை.

"ஹீ வில் நாட் கம்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு பேசினாளே, இவ்வளவுதானா என்றார். தமிழில் சுற்றி வளைத்துத்தான் சார் சொல்வோம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. பேனாவை எடுத்து டெல்யூஷனை அடித்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு அவளைப் பார்த்து, பயப்படாதே என்றார்.

மறுநாள் கொழுந்தனோடு நானும் கூடப் போனேன். குடிசை வாசலில் குழந்தை கொழுந்தனின் மனைவி இடுப்பில் உட்கார்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் பிடுங்காத குறையாக வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, பழைய சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். இரண்டு தடவை துப்பியது. மூன்றாவது தடவை விழுங்கியது. பிறகு ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

உச்சி வேளை ஆயிற்று. மரங்கள் வரும் நேரம். நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு கரைவரை வந்தாள். கொழுந்தன் எட்டி நின்று அவளையே கவனித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விளிம்பில் அவள் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கி நீ இன்னா தம்பி சொன்ன? வாயத் தொறக்கசொல்லவே முடிஞ்சிடுச்சே."

பொய் சொல்லத் தோன்றியது. ஆனால் அவள் விஷயத்தில் ஒரு தடவை தப்பாக மொழிபெயர்த்தது போதும் என்று இருந்தது. நாலு வார்த்தைதான் அம்மா என்றேன்.

"நாலே வார்த்தையா?" என்றாள். கடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எம்மாம் பெரிய ஆளு தெரியுமா அவரு."

அப்படியே மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஐப்பசியிலிருந்து அவள் அழுது தான் பார்த்ததில்லை என்று கொழுந்தன் பிறகு சொன்னார். குழந்தை அவள் முகத்தைத் துடைக்கத் துடைக்க அழுதாள். மரங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. மரத்தில் வந்தவர்கள் அவளைப் பார்த்து, கயிற்றைச் சுற்றும் கையை நிறுத்தி, கேட்பாள் என்று காத்து நின்றார்கள். கடைசி மரமும் வந்துவிட்டது. அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனுஷன் இனி வரமாட்டார் என்று இந்த உலகத்தில் முதலில் சொன்னவன் நான்.